மேளக்கரடியின் வன்மம்

நளாயினிக்கு ஏழு வயது நடக்கும்போது அவளுடைய அப்பா ஞானசேகரம் துறைமுகத்திலிருந்து ஒரு தகரக் கரடியைக் கொண்டுவந்தார். கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் விஞ்ச் என்ற பாரந்தூக்கியை இயக்குவது அவருடைய வேலை. கோதுமை ஏற்றி வந்த கப்பலொன்றின் சமையற்காரனுக்கு அவர் ஒரு நல்ல பாரை மீனைக் கொடுத்தாராம். அவன் சந்தோசத்தில் தன் பெட்டியைக் கிளறி இந்தக் கரடியை எடுத்து நீட்டினானாம்.

கரடி ஒரு சாண் உயரம். உடம்பில் சிவப்புச் சட்டையும் மஞ்சள் பொத்தான்களும் வரையப்பட்டிருந்தன. வயிற்றில் ஒரு மேளம், இரண்டு கையிலும் குச்சி, முதுகில் சாவி. சாவியை முறுக்கி விட்டால் டம டம என்று மேளம் அடித்துக்கொண்டு, தகரக் கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைத்து, மேசையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடக்கும்.

கரடிக்குத் தானாக அசைய முடியாது. யாராவது சாவியை முறுக்க வேண்டும். ஆனால் முறுக்கிய பிறகு அடிப்பதா, அடக்கி வைப்பதா என்பது கரடியின் விருப்பம். இது மனிதர் எவருக்கும் தெரியாது.

நிலாவெளியில் இருந்த அந்த வீட்டில் கரடிக்குப் பெரிய மதிப்பு. யார் வந்தாலும் நளாயினி அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். கரடி அடிக்கும், வந்தவர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காகவே அது அடித்தது. நளாயினி தன்னை நேசிக்கிறாள் என்று அதற்குத் தெரியும். தான் திருப்பி நேசிக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றியதேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் வேலை செய்யும் சோமசேகரம் சாப்பிட வந்தார். அவர் டவுனுக்குள் லிங்கநகரில் இருப்பவர். கரடி அடித்ததைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பிள்ளை, இதை எனக்குத் தாறியோ? என்ர வீட்டிலயும் ஒரு சின்னன் இருக்கு."

"ஏலாது மாமா. இது அப்பா எனக்குத் தந்தது."

எல்லோரும் சிரித்தார்கள். சோமசேகரம் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் சண்டை திரும்பவும் தொடங்கியது. ஒரு காலையில் வேலைக்குப் போன ஞானசேகரம் வீடு திரும்பவில்லை. அம்மா கமலேஸ்வரி போகாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. வழியில் பஸ்ஸை மறித்து ஆமிக்காரர் அவரை இறக்கினார்கள் என்று ஒருவர் சொன்னார். அதற்கு மேல் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. செல் குண்டுகள் விழத் தொடங்கியதும் ஊர் காலியானது. காட்டுவழியாக மன்னார்க்கரைக்குப் போய் அங்கிருந்து இந்தியாவுக்குப் படகேறுவது என்று அயலவர்கள் முடிவெடுத்தார்கள். கமலேஸ்வரியும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

புறப்படும் நாள் காலை சோமசேகரம் விசாரிக்க வந்தார். கமலேஸ்வரி வீட்டுச் சாவியை அவருடைய கையில் வைத்தாள்.

"அண்ணை, அவர் வந்தா உங்களைத்தான் முதல் தேடி வருவார். வீட்டை ஒருக்கால் பாத்துக்கொள்ளுங்கோ."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதைங்கோ. நான் இருக்கிறன்."

ஆளுக்கு ஒரு பை மட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நளாயினி கரடியை அலுமாரியின் மேல் கொண்டுபோய், வாசலைப் பார்த்தபடி நிறுத்தினாள்.

"நான் வருமட்டும் வீட்டைப் பாத்துக்கொள்ளு. ஆரையும் உள்ளுக்கு விடாதை. விட்டியெண்டால் உன்னோட கதைக்கமாட்டன்."

கரடிக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் வேலை அதுதான்.

பன்னிரண்டாம் நாள் வாசற்கதவில் சாவி திரும்பியது. நளாயினி என்று கரடி நினைத்தது. வந்தவர் சோமசேகரம். வெளியே ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இழுவைப்பெட்டியுடன் நின்றது. கூட வந்த இரண்டு பேரும் அம்மாவின் தையல் மெசினைத் தூக்கினார்கள். பிறகு அப்பாவின் சைக்கிள், பிறகு ரேடியோ. கடைசியில் அலுமாரியைச் சரித்தார்கள். கரடி மேலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்தது. வலது காலின் தகரம் பிளந்து, கரை வெளியே நீட்டிக்கொண்டது. கத்திபோலக் கூர்.

"இஞ்ச கிடந்தா ஆரும் கொண்டுபோடுவாங்கள்" என்று சோமசேகரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குனிந்து கரடியை எடுத்துத் தூசி தட்டினார். தோளில் மாட்டியிருந்த பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தப் பைக்குள் இருந்தபடிதான் கரடி சத்தியம் செய்தது. இந்த மனிதன் அந்த வீட்டில் சாப்பிட்டவன். சாவியை நம்பி வாங்கியவன். இவனையும் இவன் வீட்டில் இருப்பவர்களையும் சும்மா விடுவதில்லை. இனி மேளம் அடித்தால் அது அவர்களுக்குக் கெடுதியாகத்தான் முடிய வேண்டும்.

லிங்கநகர் வீட்டில் சோமசேகரத்தின் மனைவி புஷ்பவதி அலுமாரியைத் துடைத்தாள். அதன்மேல் ஒரு பூப்போட்ட துணியை விரித்தாள். "அவை வந்தாக் குடுப்பம்" என்று இருவரும் முதல் மாதம் சொல்லிக்கொண்டார்கள். இரண்டாம் மாதம் சைக்கிளுக்கு வேறு நிறம் அடித்தார்கள். தையல் மெசினை ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். பிறகு எவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

கரடி போனது ஐந்து வயது ஆரபியின் கைக்கு. சோமசேகரத்தின் ஒரே பிள்ளை. எந்தக் கேள்வியும் கேட்காமல் அவள் கரடியைக் கட்டிப்பிடித்தாள். தகரக் கன்னத்தில் எச்சில் படக் கொஞ்சினாள். கரடிக்கு அருவருத்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, "இப்ப பாருங்கோ" என்று ஆரபி சாவியை முறுக்கினாள். கரடி அடிக்கவில்லை. திரும்பவும் முறுக்கினாள். அசையவில்லை. "பழுதாப்போன சாமான்" என்று பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போனார்கள். ஆரபி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றதைக் கரடி ஆசைதீரப் பார்த்தது.

இன்னொரு நாள் ஆமியின் ஹெலிகொப்டர் தாழப் பறந்தது. புஷ்பவதி சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கரடி அடக்கி வைத்த மேளத்தை ஒரேயடியாக விட்டது. டமடமடம! வீட்டுக்குள் வெடி விழுகிறதென்று புஷ்பவதி அலறிப் பானையைப் போட்டாள். குசினி நிலமெல்லாம் சோறு. அரிசிக்குத் தட்டுப்பாடான காலம் அது. அன்று மூன்று பேரும் தேங்காய்ச் சொட்டும் பாலில்லாத பிளேன்ரீயுமாகப் பொழுதைக் கழித்தார்கள். நன்றாக வேண்டும் என்று கரடி நினைத்தது. ஆனாலும் அதன் மனம் ஆறவில்லை. இதெல்லாம் சின்ன விசயம். நளாயினியின் அப்பா இல்லை, வீடு இல்லை. இவர்களுக்கு ஒரு பானைச் சோறு போதுமா?

அதற்கு ஒரு நாள் கிடைத்தது. பகலும் ஊரடங்கு. ஆரபி வெறும் நிலத்தில் குந்தியிருந்து கரித்துண்டால் படம் கீறிக்கொண்டிருந்தாள். கரடி அவளுக்கு முன்னால் நின்றது. காலையிலேயே சாவியை முறுக்கியிருந்தாள். கரடி அதை உள்ளே இறுக்கிப் பிடித்திருந்தது.

"இது உன்ர வீடு. இது கதவு. இது நீ படுக்கிற கட்டில்" என்று சொல்லிக்கொண்டே அவள் இடது கையை நிலத்தில் ஊன்றினாள். விரல்கள் கரடியின் வலது காலுக்கு நேர் கீழே.

கரடி சுருள்வில்லை விட்டது. கால் மேலே போனது. கூரான கரை, சுட்டுவிரல் தொடங்கும் இடத்தில், முழு வேகத்தோடு இறங்கியது.

ஆரபி முதலில் வியப்போடு பார்த்தாள். இரத்தம் கரிக்கோடுகளின் மேல் பரவி, கதவையும் கட்டிலையும் மூடியபோதுதான் கத்தினாள்.

'நளாயினி, பார்த்தாயா?' என்று கரடி உள்ளுக்குள் சொன்னது.

புஷ்பவதி காயத்தில் கோப்பித்தூளை அப்பித் துணியால் கட்டினாள். ஊரடங்கு இரண்டு நாள் நீண்டது. கை முழங்கைவரை வீங்கியது. உடம்பு நெருப்பாய்க் காய்ந்தது. பிள்ளை பல்லைக் கடிக்கத் தொடங்கியதும் புஷ்பவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"தகரம் வெட்டினதப்பா! ஏற்புவலி வந்தால் பிள்ளை தப்பாது. என்னத்துக்கு அந்த வீட்டுச் சாமானை இஞ்ச கொண்டு வந்தனீங்கள்? அந்தப் பாவம்தான் பிள்ளையில விழுந்திருக்கு!"

சோமசேகரம் சைக்கிளை வெளியே எடுத்தார். ஆரபியைச் சைக்கிள் பாரில் துவாயால் தன்னோடு சேர்த்துக் கட்டினார். ஒரு தடியில் வெள்ளைச் சீலைத்துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வெறும் தெருவில் ஆசுப்பத்திரிக்கு மிதித்தார். மூன்று சென்றியில் ஆமிக்காரர் இறக்கி நிறுத்தினார்களாம். ஒவ்வொரு இடத்திலும் பிள்ளையின் கையைத் தூக்கிக் காட்டினாராம். அந்தச் சைக்கிள் ஞானசேகரத்தின் சைக்கிள்.

அவர் போனதும் புஷ்பவதி கரடியைக் காலில் பிடித்துத் தூக்கி வளவுக்குள் எறிந்தாள். அது முருங்கைமரத்தடியில் மல்லாந்து விழுந்தது. மேளத்தின் மேல் எறும்பு ஊர்ந்தது. ஒரு மழை பெய்து முகத்தில் சேறு தெறித்தது. கரடி அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. வீட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு கிடந்தது. பிள்ளை செத்த வீட்டு அழுகைக்காகக் காத்திருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் படலை திறந்தது. அழுகை வரவில்லை. ஆரபியின் குரல்தான் வந்தது.

"அம்மா, கரடி எங்க?"

"அதை எறிஞ்சாச்சு. அந்தச் சனியன்ர பேரை எடுக்காதை!"

ஆரபி வளவெல்லாம் தேடினாள். மெலிந்துபோயிருந்தாள். இடது கை பெரிய வெள்ளைப் பொட்டலமாய் நெஞ்சோடு தொங்கியது. முருங்கையடியில் கரடியைக் கண்டதும் குந்தினாள். கரடி தயாராக இருந்தது. அடிப்பாள், மிதிப்பாள், கல்லால் குத்துவாள். குத்தட்டும். அப்போதுதான் கணக்கு நேராகும், சண்டை இன்னும் நன்றாக நடக்கும்.

அவள் கரடியைத் திருப்பி அதன் காலைப் பார்த்தாள்.

"அம்மா, கரடிக்குக் காலில காயம்!"

"அந்தக் கால்தான் உன்ர கையை வெட்டினது. தொடாதை!"

"அது வேணுமெண்டு வெட்டேல்லை. காயம் நோகேக்க நான் கையை வைச்சிட்டன். எனக்கும் நோகேக்க ஊசி போட்ட மிஸ்ஸைக் கடிச்சனான்தானே. அவ பேசேல்லை."

ஆசுப்பத்திரி மிஸ் விளையாடக் கொடுத்த கட்டுத்துணி கொஞ்சம் அவளுடைய சட்டைப் பையில் இருந்தது. ஒற்றைக் கையாலும் பல்லாலும் அதைப் பிரித்து, கரடியின் காலைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். முடிச்சு மூன்று முறை அவிழ்ந்தது. நாலாம் முறை நின்றது. பிறகு குனிந்து அந்தக் காலை ஊதினாள்.

"இனி நோகாது. சரியோ? மழையில விட்டிட்டன். கோவிக்காதை."

கரடிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடித்திருந்தால் தெரிந்திருக்கும். அது அவசரமாகத் தன் சத்தியத்தைத் தேடியது. சாவி, லாண்ட்மாஸ்டர், சரிந்த அலுமாரி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்தது. எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே இந்தப் பிள்ளையை நிறுத்தப் பார்த்தபோது அவள் அங்கே நிற்கவில்லை.

காயம் ஆறியது. ஆனால் சுட்டுவிரல் மடியாமல் போய்விட்டது. கோப்பையைப் பிடிக்கும்போது அந்த விரல் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "சுட்டி, சுட்டி" என்று பழித்தார்கள். அப்படிப் பழிக்கும்போதெல்லாம் கரடிக்கு உள்ளே சுருள்வில் இறுகியது. முறுக்காமலே இறுகியது.

மார்கழியில் ஒரு நாள் துறைமுகப் பக்கம் செல் விழுந்தது. மூன்று பேரும் வளவில் வெட்டிய பங்கருக்குள் இறங்கினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் மேலிருந்து மண் கொட்டியது. ஆரபி கரடியை மடியில் இறுக்கிக்கொண்டாள். கையில் ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்ததோ என்னவோ, கரடியின் சாவியை மெல்ல மெல்லத் திருப்பினாள். அது அடிக்காது என்றே நினைத்திருந்தாள்.

கரடி அடித்தது. பெரிதாக அல்ல. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில், டும் டும் என்று, அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில். ஆரபி வாயைத் திறந்தபடி பார்த்தாள். பிறகு அந்த இருட்டுக்குள் சிரித்தாள். கைதட்ட ஒருவரும் இல்லை. கரடி தொடர்ந்து அடித்தது.

அதன் பிறகு அவளை நோகடிக்கக் கரடிக்கு மனம் வரவில்லை. ஆனால் சோமசேகரத்தின் மேலிருந்த வன்மம் ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை. அவர் பூப்போட்ட துணியை விலக்கி அலுமாரிக்குள் சாரம் எடுக்கும்போதெல்லாம் கரடி அவரையே பார்த்தது. நளாயினி வருவாள். வந்து எல்லோருக்கும் முன்னால் கேட்பாள். அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

1992இல் இந்தியாவுக்குப் போன சனங்களைக் கப்பலில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கமலேஸ்வரியும் நளாயினியும் தங்கள் ஊர்த் துறைமுகத்திலேயே வந்து இறங்கினார்கள். நளாயினிக்கு இப்போது ஒன்பது வயது. அப்பா வேலை செய்த விஞ்ச் தூரத்தில் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், அழவில்லை. அகதி முகாமில் இருந்த இரண்டு வருசமும் அவள் அழவில்லை. அழுதால் கோபம் குறைந்துவிடும் என்று பயந்தாள். யார் மேல் கோபம் என்று மட்டும் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

மூன்றாம் நாள் காலை இருவரும் லிங்கநகருக்கு வந்தார்கள். சோமசேகரம் அவர்களைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார். அப்படியே வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்கோ தங்கச்சி. எப்ப வந்தனீங்கள்? அவற்ற செய்தி ஏதும்...?"

"ஒண்டுமில்லை அண்ணை. வீட்டைப் போய்ப் பார்த்தம். ஒரு சாமானும் இல்லை. சாவி உங்களிட்டத்தானே இருந்தது?"

"என்ன செய்யிறது தங்கச்சி. நான் போய்ப் பாக்கேக்கையே எல்லாத்தையும் ஆரோ கொண்டுபோட்டாங்கள். அந்த நேரம் எந்த வீடு தப்பினது?"

அவருடைய தோளுக்கு மேலால் பூப்போட்ட துணி விரித்த அலுமாரி தெரிந்தது. கமலேஸ்வரி அதைக் கண்டுவிட்டாள். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ஆரபி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கையில் கரடி.

"அது என்ர கரடி" என்றாள் நளாயினி.

இந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் கரடி இரண்டு வருசம் காத்திருந்தது. சோமசேகரத்தின் முகம் சாம்பல் நிறமானது. கரடி ஆசையோடு அதைப் பார்த்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் ஆரபியின் முகமும் இருந்தது. அவள் அப்பாவை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:

"அப்பா, இது இந்த அக்காவின்ரயோ?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆரபிக்கு அது போதும். இரண்டு கையாலும் கரடியை நீட்டினாள்.

"இந்தாங்கோ அக்கா. காலில இருக்கிற கட்டை அவிழ்க்காதைங்கோ. உள்ளுக்குக் கூர் இருக்கு. என்ர விரல் அதிலதான் வெட்டுப்பட்டது."

நளாயினி பறித்துக்கொண்டாள். கமலேஸ்வரி இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள்.

"என்ர கையால சோறு போட்டனான் அண்ணை. அந்தச் சோறு உங்களுக்குச் செமிக்கக்கூடாது."

வேறொன்றும் கேட்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

நிலாவெளி வீட்டில் பாதிக் கூரைதான் இருந்தது. கரடி திரும்பவும் நளாயினியின் பக்கத்தில் படுத்தது. வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று மகிழப் பார்த்தது, முடியவில்லை. நளாயினி கரடியைக் கொஞ்சவில்லை. காலில் இருந்த கட்டை அவிழ்த்து எறிந்தாள். தகரத்தின் கரையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள்.

"நீ அவளை வெட்டினியாம். நல்ல வேலை செய்தனீ" என்றாள். "திரும்பவும் வெட்டுவம்."

கரடி திகைத்துப்போனது. அந்த முகத்தை அதற்குத் தெரியும். முருங்கைமரத்தடியில், சேற்றுக்குள், அழுகைக்காகக் காத்துக் கிடந்தபோது தனக்கும் அந்த முகம்தான் இருந்திருக்கும்.

லிங்கநகரில் ஆரபி தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். சாப்பிடும்போது கேட்டாள். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏறும்போதும் கேட்டாள்.

"நாங்கள் கள்ளரோ அப்பா?"

பத்தாம் நாள் சோமசேகரம் ஒரு லாண்ட்மாஸ்டரைப் பிடித்தார். பட்டப்பகலில், தெருச்சனம் பார்க்க, அலுமாரியையும் சைக்கிளையும் ரேடியோவையும் ஏற்றினார். ஆரபியும் ஏறிக்கொண்டாள்.

கமலேஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள். வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

"மெசினை வித்துப்போட்டன் தங்கச்சி. தேடிப் பார்த்தனான், கிடைக்கேல்லை" என்றார் அவர், நிலத்தைப் பார்த்தபடி.

"மெசினை வைச்சுத்தான் இவளை வளக்கலாம் எண்டு திரும்பிக் கப்பல் ஏறினனான்" என்றாள் கமலேஸ்வரி. "சரி. அலுமாரியை எடுத்த மாதிரியே கொண்டுபோய் வையுங்கோ. அது நிண்ட இடம் உங்களுக்குத் தெரியும்தானே."

அவர் அலுமாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, நளாயினி ஆரபியின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.

"வா, கரடி மேளம் அடிக்கிறதைப் பாப்பம்."

கிணற்றுக்கட்டைச் சுற்றிச் சீமெந்து போட்டிருந்தது. நளாயினி சாவியை அது நிற்கும்வரை முறுக்கினாள். ஒரு கையால் கரடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ர கையை இஞ்ச வை. காலுக்குக் கீழ."

ஆரபி கரடியின் காலைப் பார்த்தாள். "அக்கா, கட்டு இல்லையே."

"வை எண்டு சொன்னனான். என்ர அப்பான்ர சைக்கிளில நீ பள்ளிக்கூடம் போனனீ. என்ர கரடியைக் கட்டிப்பிடிச்சுப் படுத்தனீ. கையை வை."

ஆரபி பயந்துபோனாள். ஆனால் ஓடவில்லை. நளாயினியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"வெட்டினா உங்கட கோவம் போயிடுமோ அக்கா?"

நளாயினி பிடியை இன்னும் இறுக்கினாள். ஆரபி கண்ணை இறுக மூடிக்கொண்டு, மடியாத விரலோடு அந்தக் கையைச் சீமெந்தில் வைத்தாள். நளாயினி கரடியை விட்டாள்.

சுருள்வில் கரடியின் உடம்பு முழுவதையும் பிடித்துத் தள்ளியது. இவ்வளவு முறுக்கை அது ஒருநாளும் தாங்கியதில்லை. கால் நடுங்கியது. கரடி பிடித்துக்கொண்டது. விட்டால் நளாயினி சந்தோசப்படுவாள், அவள்தான் தன் சொந்தக்காரி. அவளுக்காகத்தானே இவ்வளவு காலமும் பழி வைத்திருந்தது! ஆனால் பழி தீர்ந்த பிறகு நெஞ்சு எப்படி இருக்கும் என்று கரடிக்குத் தெரியும். நாலு நாள் எறும்போடு கிடந்து அறிந்தது. அதை நளாயினிக்குக் கொடுக்க அது விரும்பவில்லை. ஆரபிக்கு இன்னொரு காயம் கொடுக்கவும் விரும்பவில்லை. இரண்டு பேரும் வேண்டும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது.

"அடி!" என்று நளாயினி கத்தினாள். "ஏன் அடிக்கிறாயில்லை? அடி!" சாவியைப் பிடித்து இன்னும் ஒரு சுற்று முறுக்கினாள்.

உள்ளே டங் என்று ஒரு சத்தம். சுருள்வில் அறுந்தது. மேளக்குச்சிகள் தொங்கின. கரடி ஆரபியின் கைப்பக்கம் சரியாமல், பின்பக்கமாக மல்லாந்து விழுந்தது.

நளாயினி அதை எடுத்துக் குலுக்கினாள். சாவியைத் திருப்பினாள். அது ஒரு பிடிப்பும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அப்பா தந்தது" என்றாள். "இது அப்பா தந்தது. நான் உடைச்சிட்டன். அப்பா தந்ததை நானே..."

அவள் அழத் தொடங்கினாள். அப்பா வராத நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த எல்லாம் சேர்ந்து வந்தது. கிணற்றுக்கட்டில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். ஆரபி என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் பக்கத்தில் குந்தினாள். பிறகு அவளும் சேர்ந்து அழுதாள். இரண்டு பேருக்கும் நடுவில் கரடி வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. நளாயினியின் கண்ணீர் ஒரு சொட்டு அதன் மேளத்தில் விழுந்தது. அவளுக்காக ஒருமுறை அடிக்க வேண்டும்போல இருந்தது அதற்கு. இனி அடிக்க ஏலாது.

அழுகை ஓய்ந்த பிறகு நளாயினி மூக்கைச் சட்டையால் துடைத்தாள். ஆரபியின் கையை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னும் நோகுதோ?"

"இல்லை. மடிக்கத்தான் ஏலாது."

நளாயினி அந்த விரலை மெல்ல மடக்கிப் பார்த்தாள். மடியவில்லை. அவள் கையை விடாமல் வைத்திருந்தாள்.

லாண்ட்மாஸ்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. "ஆரபி!" என்று சோமசேகரம் கூப்பிட்டார். ஆரபி எழும்பினாள்.

"கரடியைத் தரமாட்டன்" என்றாள் நளாயினி. "உன்ர அப்பாவோடயும் கதைக்கமாட்டன். ஒருநாளும் கதைக்கமாட்டன்."

"ஓம்."

"ஆனா நீ வந்து பாக்கலாம். விருப்பமெண்டா."

நளாயினி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். சோமசேகரத்தோடு கடைசிவரை கதைக்கவில்லை. கமலேஸ்வரியும் அவரை மன்னிக்கவில்லை. அப்பா ஞானசேகரம் திரும்பி வரவேயில்லை.

ஆனால் அடுத்த சனிக்கிழமை, நிலாவெளிக்கு வரும் காலை பஸ்ஸில் புஷ்பவதி மகளோடு வந்து இறங்கினாள். படலைக்கு வெளியே மதிலோரமாக நின்றுகொண்டு பிள்ளையை மட்டும் உள்ளே அனுப்பினாள். ஆரபி முற்றத்தின் நடுவில் நின்று, போவதா விடுவதா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

கமலேஸ்வரி குசினிக்குள்ளிருந்து வந்தாள். படலைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

"வெயிலுக்க நிக்காதை பிள்ளை. நளா உள்ளுக்குத்தான் இருக்கிறாள், போ."